தேயிலை விலை டொலரில், நாட்சம்பளம் ரூபாயில்: இடையே ஒரு சூத்திரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் கம்பனி, தொழிற்சங்கம், அரசாங்கம் என்ற மூன்று தரப்பின் அறிக்கைகளே பத்திரிகைகளை நிரப்புகின்றன. தொகை என்ன, எப்போது கிடைக்கும், யார் காரணம் என்பதோடு விவாதம் முடிந்துவிடுகிறது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு தொழிலாளி மாதக் கடைசியில் கையில் வாங்கும் பணத்தின் பெறுமதியைப் பெருமளவு தீர்மானிப்பவர்கள் இந்த மூன்று தரப்புக்கும் வெளியே இருக்கிறார்கள். ஈராக்கிலும் ரஷ்யாவிலும் தேயிலை வாங்குபவர்கள், ஜப்பானில் இரசாயன எச்சம் சோதிக்கும் ஆய்வுகூடம், நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக டொலரின் விலை. உலகமயப் பொருளாதாரத்தில் ஒரு சிறிய நாட்டின் அரசாங்கத்துக்கு இவற்றில் பலவற்றின் மீது அதிகாரம் இல்லை. அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அதிகாரம் உள்ள இடத்திலும் அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை ஏற்க முடியாது. அப்படிப்பட்ட ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டவே இக்கடிதம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் ஊடாக நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. 900 ரூபாய் அடிப்படை, 100 ரூபாய் வரவு செலவுத் திட்ட நிவாரணப் படி. அப்போது ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். அதாவது ஒரு நாள் உழைப்புக்கு 5 டொலர். 2022 மார்ச்சில் ரூபாய் தளர்த்தப்பட்டது, மே மாதத்தில் டொலர் 360 ரூபாயை எட்டியது. அதே 1,000 ரூபாய் 2 டொலர் 80 சதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. எந்தக் கம்பனியும் சம்பளத்தைக் குறைக்கவில்லை, எந்தச் சங்கமும் குறைப்புக்குக் கையெழுத்திடவில்லை. ஆனாலும் சர்வதேசப் பெறுமதியில் சம்பளம் ஏறக்குறைய பாதியானது.

தேயிலை விலையில் நடந்தது இதற்கு நேர்மாறு. கொழும்பு ஏலத்தில் 2021இல் ஒரு கிலோ தேயிலையின் சராசரி விலை 620 ரூபாய் அளவில் இருந்தது. 2022இல் அது 1,270 ரூபாய் அளவுக்கு உயர்ந்தது. வாங்குபவர்கள் டொலரில் கணக்குப் பார்ப்பவர்கள் என்பதால், ரூபாய் விழும்போது ஏலத்தின் ரூபாய் விலை தானாகவே ஏறும். அந்த ஆண்டு உற்பத்தி 299 மில்லியன் கிலோவிலிருந்து 251 மில்லியன் கிலோவுக்குச் சரிந்ததால் டொலர் விலையும் கூடியது. அந்தச் சரிவுக்குப் பெரிய காரணம், 2021 மேயில் ஒரே இரவில் விதிக்கப்பட்ட இரசாயன உரத் தடை. அதற்கு வெளிநாட்டுச் சந்தையைக் குறை சொல்ல முடியாது. அது முழுக்க முழுக்க நமது அரசாங்கத்தின் சொந்தச் செயல்.

இனி ஒரு தேயிலை மலையில் நடப்பதை நெருங்கிப் பார்ப்போம். ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ கொழுந்து என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் பச்சைக் கொழுந்து 100 கிலோவுக்கு ஏறத்தாழ 21.5 கிலோ தூள் கிடைக்கும். ஆகவே 18 கிலோ கொழுந்து 3.87 கிலோ தேயிலை ஆகும். 1,000 ரூபாயை 3.87ஆல் வகுத்தால் ஒரு கிலோ தேயிலைக்குக் கொழுந்து பறிக்கும் கூலி 258 ரூபாய். 2021 விலையில் அது ஏலத் தொகையில் 42 சதவீதம். 2022 விலையில் 20 சதவீதம். அதே மலை, அதே கூடை, அதே 18 கிலோ. பங்கு மட்டும் பாதிக்கும் கீழே போனது.

கம்பனிகளுக்கும் அந்த ஆண்டு செலவு ஏறியது உண்மை. உரம், டீசல், மின்சாரம், பொதியிடும் பைகள் எல்லாம் இறக்குமதி விலையில் ஏறின. ஆகவே அந்த 22 சதவீதப் புள்ளிகளும் இலாபமாகப் போயின என்று நான் சொல்லவில்லை. ஆனால் கம்பனியின் செலவு டொலரோடு ஏறியபோது அதன் வருமானமும் டொலரோடு ஏறியது. தொழிலாளியின் வீட்டுச் செலவும் டொலரோடுதான் ஏறியது. கோதுமை மா இறக்குமதி, பருப்பு இறக்குமதி, பால்மா இறக்குமதி. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய் ஆனது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தைத் தொட்டது. வருமானம் மட்டும் 2024 செப்டெம்பர் வரை, மூன்றரை ஆண்டுகள், 1,000 ரூபாயிலேயே கட்டிப்போடப்பட்டிருந்தது.

உலகச் சந்தையின் இழப்பு முழுவதும் தொழிலாளிக்கு வருவதும் அதன் ஆதாயத்தில் ஒரு சதமும் வராமற்போவதும் தற்செயல் அல்ல. சம்பளத்தை நிர்ணயிக்கும் முறையின் அமைப்பே அப்படி. அந்த முறையை மாற்ற யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இதற்குச் சான்று பக்கத்துச் சிறுதோட்டத்தில் இருக்கிறது. நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கை உற்பத்தி செய்வோர் சிறுதோட்ட உடைமையாளர்கள். அவர்கள் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கும்போது விலையைப் பேரம் பேசுவதில்லை. தேயிலை ஆணையாளரின் மேற்பார்வையில் ஒரு சூத்திரம் இருக்கிறது. தொழிற்சாலை ஏலத்தில் பெறும் நிகர விற்பனை விலையில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு. மாதாமாதம் கணக்கு. 620 ரூபாய் விலையில் இதைப் போட்டால் கொழுந்து கிலோ ஏறத்தாழ 90 ரூபாய். 1,270 ரூபாய் விலையில் ஏறத்தாழ 185 ரூபாய். சிறுதோட்டக்காரரின் உரச் செலவும் பறிக்கும் கூலியும் ஏறின, அவருக்கும் கஷ்டம் இருந்தது. ஆனால் டொலர் ஏறியபோது அவருடைய கொழுந்தின் விலையும் ஏறியது. எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் கம்பனி மலையில் பறிப்பவருக்கோ 18 கிலோவுக்கு 1,000 ரூபாய் என்றால் கிலோவுக்கு 55 ரூபாய் 56 சதம், 2021இலும் அதுவே, 2022இலும் அதுவே.

அரசாங்கம் தனக்கென்று வந்தபோது இந்தப் பாதுகாப்பை மறக்கவில்லை. 1992இல் தோட்டங்களைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைத்தபின் எழுதிய 53 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கைகளில், கம்பனிகள் திறைசேரிக்குச் செலுத்தும் குத்தகைப் பணம் பணவீக்கத்தோடு ஏறும் வகையில் ஒரு விலைச் சுட்டியோடு கட்டப்பட்டது. நிலத்தின் வாடகைக்குச் சுட்டெண் உண்டு, அந்த நிலத்தில் உழைக்கும் கைக்கு இல்லை. பெருந்தோட்டக் கொள்கையில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

முன்பு கம்பனிகளும் சங்கங்களும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் விலைப் பங்குக் கொடுப்பனவு என்று ஒன்று இருந்தது. 2016 ஒப்பந்தத்தில் 730 ரூபாயில் 30 ரூபாய் அது. 2019இல் 50 ரூபாய். ஏலத்தில் விலை ஏறினாலும் இறங்கினாலும் அதே 30, அதே 50. விலையோடு அசையாத அந்தத் தொகையும் 2021இல் கூட்டு ஒப்பந்தம் கைவிடப்பட்டதோடு போய்விட்டது.

அதன்பின் நடந்தது வாசகர்களுக்குத் தெரியும். 2024 ஏப்ரல் 30இல் 1,700 ரூபாய்க்கு வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. ஜூலையில் இடைக்காலத் தடை. செப்டெம்பரில் 1,350 ரூபாய். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதைக் கம்பனியின் பக்கத்தில் 1,550 ஆக்கவும், அரசாங்கம் வருகைக் கொடுப்பனவாக நாளொன்றுக்கு 200 ரூபாய் சேர்க்கவும் முன்மொழிந்தது. அந்த உயர்வை நான் வரவேற்கிறேன். ஆனாலும் அந்த 200 ரூபாய் குறித்துக் கவலை உண்டு. திறைசேரியிலிருந்து வரும் பணம் ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் ஒதுக்கப்பட வேண்டியது. சர்வதேச நாணய நிதியத்துடன் 2023 மார்ச்சில் தொடங்கிய ஏற்பாட்டின்படி, 2025 முதல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம் முதன்மை மிகையாக, அதாவது வட்டியைச் சேர்க்காத செலவு போக மிஞ்சும் வருமானமாக, அரசாங்கம் காட்ட வேண்டும். வரி வருமானம் குறையும் ஓர் ஆண்டில் முதலில் கத்தரி படுவது இப்படிப்பட்ட கொடுப்பனவுகளில்தான். தேயிலையை வாங்குபவர் கொடுக்க வேண்டிய கூலியின் ஒரு பகுதியை இந்த நாட்டின் வரி செலுத்துவோர் கொடுப்பதும் நெடுங்காலத்துக்கு நிலைக்காது.

அரசாங்கத்தின் கை உண்மையில் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தைத் திட்டுவதாகிவிடும்.

2017 டிசம்பரை நினைவுபடுத்துகிறேன். ரஷ்யாவுக்குச் சென்ற ஒரு தேயிலைப் பொதியில் கப்ரா வண்டு ஒன்று காணப்பட்டது. தானியக் களஞ்சியங்களைத் தாக்கும் வண்டு அது, தேயிலையைத் தின்பதல்ல. ரஷ்யா இலங்கைத் தேயிலை முழுவதையும் நிறுத்தியது. அதே காலத்தில் இலங்கை அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்திருந்தது. உலகின் மிகப் பெரிய அஸ்பெஸ்டஸ் ஏற்றுமதியாளர் ரஷ்யா. இரண்டு வாரத்துக்குள் தேயிலைத் தடை நீங்கியது, இலங்கையின் அஸ்பெஸ்டஸ் தடை ஒத்திவைக்கப்பட்டது. இன்றும் மலையகத் தோட்டங்களின் லயன் வீடுகளில் பழைய தகரம் கழற்றப்படும் இடங்களில் அஸ்பெஸ்டஸ் தகடு ஏறுகிறது. அது வெட்டப்படும்போதும் துளையிடப்படும்போதும் உடையும்போதும் வரும் தூசியில் உள்ள நார் நுரையீரலில் தங்குவது, எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தருவது என்பதெல்லாம் உலக சுகாதார நிறுவனம் சொல்லி எத்தனையோ காலமாயிற்று. மலையகத்துக் கூரைக்கு எந்தத் தகடு என்ற பொதுச் சுகாதார முடிவு, மலையகத்துத் தேயிலை எந்தத் துறைமுகத்தில் இறங்கும் என்பதற்கு ஈடாக வைக்கப்பட்டது. அன்று அமைச்சரவையில் யார் இருந்திருந்தாலும் அந்த நிர்ப்பந்தம் இருந்திருக்கும்.

அடுத்தது ஜப்பான். 2015இல் கிளைபோசேட் களைகொல்லி தடை செய்யப்பட்டது. நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் மாற்று என்ன என்று தோட்டங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கையால் களை எடுக்க ஆளில்லை. பல இடங்களில் எம்சிபிஏ என்ற வேறு களைகொல்லிக்கு மாறினார்கள். ஜப்பானில் 2006 முதல் உள்ள விதியின்படி, ஓர் இரசாயனத்துக்குத் தனி வரம்பு நிர்ணயிக்கப்படாவிட்டால் 0.01 பிபிஎம் என்ற பொது வரம்பு பொருந்தும். அதாவது ஒரு தொன் தேயிலையில் 10 மில்லிகிராம். எம்சிபிஏ அந்த வரம்பில் மாட்டிக்கொண்டது, சரக்குகள் நிராகரிக்கப்பட்டன. 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் தடை தளர்த்தப்பட்டது. கொழும்பில் எழுதிய ஒரு சட்டத்தை வெளிநாட்டு ஆய்வுகூடத்தின் ஒரு கருவி திருத்தி எழுதியது என்றே சொல்ல வேண்டும்.

அந்திராகுவினோன் என்ற இரசாயனத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்த வரம்பு இன்னும் நுணுக்கமானது. கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். இதை எந்தத் தோட்டமும் தெளிப்பதில்லை. விறகு எரியும் அடுப்பின் புகையில் இது உண்டு. தேயிலையை உலர்த்தும் ட்ரையருக்கு வெப்பக் காற்று அனுப்பும் அடுப்பின் குழாய்கள் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், அல்லது மூட்டுகளில் வெடிப்பு வந்தால், புகை காற்றோடு கலந்து தேயிலையில் படியும். தேயிலை வெளியே நன்றாகவே இருக்கும், ருசி பார்ப்பவருக்கும் தெரியாமற்போகலாம், ஹம்பர்க்கில் சோதனையில் தெரியும். இதைத் தடுக்க ஈரமான விறகைத் தவிர்க்க வேண்டும், குழாய்களை ஒழுங்காகச் சோதித்து மாற்ற வேண்டும், புகைபோக்கியின் இழுவை சரியாக இருக்க வேண்டும். பெரிய செலவில்லாத பராமரிப்பு வேலை. ஆனால் இந்த விதி ஏன் வந்தது, என்ன செய்ய வேண்டும் என்று ஸ்டோரில் அடுப்பு போடுபவருக்குத் தமிழில் ஒரு பக்கத் தாளாவது கொடுக்கப்படுவது அரிது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கும்போது அதைச் செய்வது கடினமல்ல.

ஈரானுக்கான தேயிலைப் பண்டமாற்றையும் குறிப்பிட வேண்டும். 2012இல் வாங்கிய எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலர் கடன், அமெரிக்கத் தடைகளால் பணமாகச் செலுத்த முடியாமல் நின்றது. 2021 டிசம்பரில் மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையால் தீர்ப்பதாக உடன்பாடு. ஏற்றுமதியாளருக்கு உள்ளூரில் ரூபாயில் பணம், ஈரானில் டொலர் கடன் கழிவு. தடை, கடன், தேயிலை மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டிய ஏற்பாடு அது. இதில் அரசாங்கம் நெருக்கடிக்குள் ஒரு வழியைக் கண்டுபிடித்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எண்ணெய்க் கடனுக்கு இவ்வளவு யோசிக்க முடிந்த திறைசேரிக்கு நாட்சம்பளத்துக்கும் யோசிக்க முடியும்.

மலையகத்துக்கு மட்டும் உரிய இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு காலத்தில் உயர்நிலத் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர் பிரித்தானியா. தேநீர்ப் பைகள் பரவியதும் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் செய்யும், விரைவாகச் சாயம் இறங்கும் சிடிசி தேயிலைக்கு அவர்கள் மாறினார்கள். கென்யா அந்த இடத்தைப் பிடித்தது. இலங்கையின் சந்தை மத்திய கிழக்கு, ரஷ்யா, துருக்கி என்று நகர்ந்தது. அங்கே விரும்பப்படுவது பெரிய இலை, கறுப்பு நிறம், கனத்த சாயம். அது தாழ்நிலத் தேயிலையின் குணம். ஆகவே ஏலத்தில் தாழ்நிலச் சராசரி பல ஆண்டுகளில் உயர்நிலச் சராசரிக்கு மேலே நிற்கிறது. நுவரெலியாவின் வாசனைக்கு உலகப் பெயர் இருக்கலாம், வாங்கும் கூட்டம் குறைந்துவிட்டது. கம்பனிகள் சம்பளத்தைத் தாங்க முடியாது என்று சொல்லும்போது இந்த உண்மையும் அதில் இருக்கிறது.

அதோடு மரங்கள் கிழடாகிவிட்டன. ஆண்டுக்கு 2 சதவீதம் மீள்நடுகை வேண்டும் என்பது ஆராய்ச்சி நிறுவகத்தின் நெடுநாள் பரிந்துரை. நடப்பது அதற்கு மிகவும் கீழே. காரணம் எளிது. பழைய மரத்தைப் பிடுங்கி, மண் தேற மானா அல்லது குவாத்தமாலாப் புல் போட்டு 18 முதல் 24 மாதம் விட வேண்டும். பிறகு ஹெக்டெயருக்கு 12,500 கன்று அளவில் நட்டு, செடியின் கிளைகளை ஒழுங்காக்கி, முதல் ஒழுங்கான கொழுந்து வர இன்னும் மூன்று ஆண்டு. ஏறத்தாழ ஐந்து ஆண்டு அந்த மலையில் வருமானம் இல்லை. போட்ட பணம் திரும்ப வர அதற்குப் பிறகும் பல ஆண்டுகள். குத்தகை 2045இல் முடிகிறது. இன்று நடும் கன்றின் நல்ல காலம் வேறொருவருக்குப் போகலாம் என்றால் எந்தக் கம்பனியும் நடத் தயங்கும். நடப்பட்ட ஹெக்டெயருக்கு மட்டும், அந்த மலைக்கு மட்டும், குத்தகையை நீட்டிக்க அரசாங்கம் சட்டம் செய்யலாம். ஒரு தோட்டத்தின் ஐநூறு ஹெக்டெயருக்கும் ஒன்றாகக் கொடுத்தால் நடுகை நடக்காது. கென்யாவில் ஒருவர் பறிக்கும் கிலோவோடு நம் 18 கிலோவை ஒப்பிட்டுத் தொழிலாளரைச் சோம்பேறிகளாகக் காட்டும் அறிக்கைகளை எழுதுபவர்கள், இளம் மரத்தில், குறைந்த சரிவில், சிடிசிக்கு முரட்டு இலையோடு பறிப்பதையும், நூறு வயது விதைத் தேயிலையில், செங்குத்துச் சரிவில், இரண்டிலையும் மொட்டுமாகப் பறிப்பதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இனி, செய்யக்கூடியது. சம்பள நிர்ணய சபைகள் கட்டளைச் சட்டம் 1941இலிருந்து இருக்கிறது. புதிய சட்டம் தேவையில்லை. சபையின் ஒரு தீர்மானத்தில் தொகைக்குப் பதிலாகத் தொகையும் அதை மாற்றும் சூத்திரமும் சேர்த்து வர்த்தமானியில் வெளியிடப்பட வேண்டும். என் முன்மொழிவு இப்படி. அடிப்படை நாட்சம்பளம் 1,550 ரூபாய். ஜனவரியிலும் ஜூலையிலும், ஆண்டுக்கு இரு முறை, அதைத் திருத்த வேண்டும். கடந்த ஆறு மாதக் கொழும்பு ஏலச் சராசரி, அதற்கு முந்தைய ஆறு மாதத்தை விட எத்தனை சதவீதம் ஏறியதோ அதில் பாதி சம்பளத்தில் ஏற வேண்டும். தேசிய நுகர்வோர் விலைச் சுட்டி அதைவிட அதிகமாக ஏறியிருந்தால் அந்தச் சதவீதம். இரண்டில் எது பெரிதோ அது. ஏலச் சராசரி 1,200இலிருந்து 1,320 ஆனால் உயர்வு 10 சதவீதம், சம்பளத்துக்கு 5 சதவீதம், 77 ரூபாய் 50 சதம். அதே காலத்தில் விலைவாசி 8 சதவீதம் ஏறியிருந்தால் 124 ரூபாய்.

ஏலம் இறங்கினால் சம்பளம் இறங்கக் கூடாது. ஆனால் அந்த இறக்கம் கணக்கில் எழுதப்பட்டு, அடுத்து விலை ஏறும்போது முதலில் அது கழிக்கப்பட வேண்டும். கம்பனிக்கு இது நியாயம். பாதி மட்டும் கேட்பதும் அதற்காகவே. மீதிப் பாதியில் உரமும் எரிபொருளும் உயர்நிலத்தின் விலைக் குறைவும் அடங்கலாம்.

கம்பனியின் சொந்த விற்பனைக் கணக்கை அளவுகோலாக எடுக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். தோட்டமும் ஏற்றுமதி நிறுவனமும் ஒரே குழுமத்துக்குச் சொந்தமாக இருக்கும் இடங்களில், எந்த விலைக்கு யாருக்கு விற்பது என்பதைக் குழுமமே தீர்மானிக்கலாம். இலாபம் துறைமுகத்துக்கு அப்பாலும் போய் நிற்கலாம். பன்னாட்டு வணிகத்தில் வரித் திணைக்களங்களே தடுமாறும் விஷயம் அது, தொழிற்சங்கத்தால் தோண்டி எடுக்க முடியாது. ஏலச் சராசரி பகிரங்கமானது. 1883இலிருந்து நடக்கும் ஏலம். தரகர்கள் வாராவாரமும் தேயிலைச் சபை மாதாமாதமும் வெளியிடுகிறார்கள். யாரும் மறைக்க முடியாது. உயர்நிலம், தாழ்நிலம் என்று சம்பளத்தைப் பிரிக்காமல் தேசியச் சராசரியை எடுப்பதே நல்லது. பிரித்தால் சந்தை இடம் மாறியதற்கான தண்டனை மஸ்கெலியாவிலும் இராகலையிலும் பறிப்பவர் தலையில் விழும்.

இந்தச் சூத்திரம் எங்கே உடையும் என்பதும் தெரிந்ததே. சம்பளம் ஏறியதும் பேருக்கான கிலோவை ஏற்றுவார்கள். 18, 20 ஆகும், 22 ஆகும், எட்டாதவருக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். ஆகவே கிலோ அளவும் அதே வர்த்தமானியில் எழுதப்பட வேண்டும், கவ்வாத்து வெட்டிய மலைக்கும் வறட்சி மாதத்துக்கும் குறைந்த அளவோடு. அடுத்து தராசு. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று நிறுவையில் கழிப்பது பல இடங்களில் வழக்கம். ஒரு நாளில் மூன்று நிறுவையில் இரண்டு இரண்டு கிலோவாகக் கழித்தால் 18இல் ஆறு கிலோ, மூன்றில் ஒரு பங்கு காணாமற்போகும். முத்திரையிட்ட டிஜிட்டல் தராசும், சாக்கின் எடையை நிறுத்தே கழிக்கும் விதியும், ஒவ்வொரு நிறுவைக்கும் எடை எழுதிய துண்டும் வேண்டும். மூன்றாவது வேலை நாள். நாட்சம்பளத்தை ஏற்றி, வாரத்துக்கு ஆறு நாளை நான்காக்கினால் மாத வருமானம் குறையும். கூட்டு ஒப்பந்தம் இல்லாத இன்றைய நிலையில் அதைக் கேட்க இரு தரப்பும் ஒப்பமிட்ட தாள் இல்லை. குறைந்தபட்ச வேலை நாளை எழுதாத எந்தச் சம்பளத் தீர்மானமும் பாதித் தீர்மானம்தான்.

ஓய்வுக்காலச் சேமிப்பும் இதே கேள்விக்குள் வருகிறது. 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகள் விடப்பட்டன, ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகளிடம் இருந்த முறிகளே, அதாவது அரசாங்கக் கடன் பத்திரங்களே, மாற்றப்பட்டன. புதிய முறிகளுக்கு முதல் சில ஆண்டுகள் 12 சதவீதம், அதன்பின் 9 சதவீதம் வட்டி. மாற்ற மறுக்கும் நிதிக்கு வரி 14இலிருந்து 30 சதவீதம் என்ற நிபந்தனை. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அரசாங்கத்தின் குறுகியகாலக் கடன் பத்திரமான திறைசேரி உண்டியலின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. வெளிநாட்டுக் கடன்காரரோடு உடன்பாடு காண்பதற்கு முன் உள்நாட்டில் ஒரு பங்கைக் காட்ட வேண்டியிருந்தது, அந்தப் பங்கு பேச ஆளில்லாதவர்களின் பையிலிருந்து எடுக்கப்பட்டது. தோட்டத்தில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெறும் பெண்ணின் கணக்கும் அந்த நிதியில்தான். அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன் அந்த நிதியின் அங்கத்தவர்களுக்கு அவர்கள் மொழியில் கணக்குக் காட்டுவது சட்டக் கடமையாக்கப்பட வேண்டும்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். தங்க விலையும் நாணய மாற்று வீதமும் அச்சிடும் பக்கத்தில், மாதத்துக்கு ஒரு முறை நான்கு எண்களைப் போடுங்கள். கொழும்பு ஏலத்தின் அம்மாதச் சராசரி, அதன் உயர்நிலச் சராசரி, டொலரின் சராசரி விலை, நடைமுறையில் உள்ள நாட்சம்பளம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பேசுவோரும், சங்கத் தலைவர்களும், கம்பனி அதிகாரிகளும் ஒரே எண்களை வைத்துப் பேசத் தொடங்க அது போதும். அடுத்த சம்பள நிர்ணய சபை கூடுவதற்கு முன் ஆறு மாத எண்கள் கையில் இருந்தால், மேலே சொன்ன கணக்கை யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
பெருந்தோட்டப் பொருளாதார வாசகர் ஒருவர்,
ஹட்டன்